ஆறாவது பத்தி

ரயில்வே தந்த பேரேட்டில் ஆறு பத்திகள்.
தேதி, வண்டி எண், வந்த நேரம்,
கேட் மூடியது, திறந்தது.
ஆறாவதின் தலையில் 'குறைபாடுகள்' என்று அச்சிட்டிருக்கிறது.
குறைபாடு எதுவும் இல்லாததால்
முதல் வருடம் அதில் ஒரு முள்ளெலியை எழுதினேன்.

மே 9. இரவு 11.40. முள்ளெலி ஒன்று.
தண்டவாளத்தைத் தாண்டத் தெரியாமல்
வேலி ஓரம் போவதுபோல அதன் நீளத்துக்கே நடக்கிறது.
ரீகா சரக்கு வண்டிக்குப் பதினாறு நிமிடம்.
கையுறை போட்டுத் தூக்கி அந்தப் பக்கம் விட்டேன்.
கையுறையில் மூத்திரம் பெய்தது.
அதையும் எழுதினேன்.

நான் படித்தவள் இல்லை.
கைவசம் ஒரே ஒரு பறவைக் கையேடு,
அட்டையும் முதல் நாற்பது பக்கமும் கிடையாது.
அதனால் வாத்துகள் விஷயத்தில்
எனக்கு எப்போதும் சந்தேகம்தான்.
அப்படித்தான் இந்த விதி வந்தது:
பார்த்ததை முதலில் எழுது, பெயர் மெதுவாக வரட்டும்.
'கால் மஞ்சள். வால் ஆடுகிறது.
என்னைப் பார்த்தது, பொருட்படுத்தவில்லை.'

அக்டோபர் 2. மூஸ் மான், ஆண்.
கேட் மூடியிருந்தது. நின்றது.
வண்டி போய், கம்பம் உயர்ந்த பிறகே
தலையைச் சற்றுத் தாழ்த்திக் கடந்து போனது.
டிராக்டர் ஓட்டும் வில்னிஸுக்கு
இதை வாசித்துக் காட்டினேன்.
அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஓநாய்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும்.
மூன்று குளிர்காலம், பதினான்கு முறை,
ஓடைக்கரைப் பனியில் நூல் பிடித்த மாதிரி தடம்.
ஒவ்வொரு முறையும் 'ஓநாய்' என்று எழுதினேன்,
இரண்டு முறை அடிக்கோடிட்டு.
ஒரு பிப்ரவரி மதியம் அதே கரையில்
மரம் அறுக்கும் பட்டறையின் நாய் புன்த்ஸிஸ்
முன்கால் வைத்த குழியிலேயே பின்காலை வைத்து
வெகு நேர்த்தியாக நடந்து வந்து
என் பூட்ஸை முகர்ந்தது.

சிவப்புப் பென்சிலால் பதினான்கு ஓநாய்களை அடித்தேன்.
அழிக்கவில்லை, அடித்தேன்.
அடித்தது தெரிய வேண்டும்.
அன்றிரவு காடு
பட்டறை வரைக்கும் சுருங்கி வந்து நின்றது.

பிறகுதான் ஜனவரி 27.
மாலை மங்கும் நேரம், எண்ணெய் வண்டி, ஐம்பத்தெட்டு டாங்கர்.
கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
எதிர்ப்பக்கம் ஏதோ இருக்கிறது.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே
கண் சிமிட்டும் நேரம் திறந்து மூடும் ஒரு சந்து,
அதில் துண்டு துண்டாக:

22க்கும் 23க்கும் நடுவே, காது. நுனியில் கறுப்பு முடிக்கற்றை.
31, 32: தோள். சாம்பல், புள்ளி இருக்கலாம்.
40: ஒன்றுமில்லை.
41, 42: கட்டை வால். நுனி கறுப்பு.
அதன்பின் பதினாறு டாங்கர்,
ஒவ்வொன்றும் ஒரு கிழமை நீளம்.

கடைசிப் பெட்டி போனது.
அங்கே பனி மட்டும்,
அதுவும் வண்டிக் காற்றில் புரண்டு மழமழவென்று.
டார்ச் எடுத்துத் தேடினேன். தடமே இல்லை.

பெயர் நாக்கு நுனியில் இருந்தது.
பேனாவை வைத்துக்கொண்டு
அடுத்த வண்டி வரை உட்கார்ந்திருந்தேன்.
பதினான்கு ஓநாய்கள் பார்த்துக்கொண்டிருந்தன.
சந்துகளை மட்டும் எழுதினேன்,
எண்களோடு.

மார்ச்சில் ஆய்வாளர் குருண்ட்மானிஸ் வந்தார்.
பக்கம் புரட்டிய விரல் அங்கே நின்றது.
"நாற்பத்தொன்றில் என்ன பழுது?"
பழுதில்லை ஐயா, வால் என்றேன்.
"காப்ளிங்கா?"
கட்டையான வால்.
"டிப்போவுக்குச் சொல்லியாயிற்றா?"
நான் வாயைத் திறப்பதற்குள்
மை ஒற்றி ஓங்கிக் குத்தினார்:
சரிபார்க்கப்பட்டது.

முத்திரையின் விளிம்பு
அந்தக் காதின் மேல் நீலமாகப் படிந்திருக்கிறது.
யாரும் சரிபார்க்கவில்லை.
எனக்குத் தெரியும்.
இருந்தால், அதற்கும்.

மார்ச் 19. காலை 6.15. வண்டி 20 நிமிடம் தாமதம்.
வாத்துகள், ஏழு, வடக்கே.
எந்த வாத்து என்று தெரியவில்லை.